புதுப்பிப்பு: விசித்திர ஆல்பம் கேட்டிருந்தேனே, கேட்டு முடித்தவை

அதிகம் பேசப்படாத, கொஞ்சம் விசித்திரமான ஆல்பங்களைச் சொல்லுங்கள் என்று இரண்டு வாரம் முன்பு கேட்டிருந்தேன். வந்தவற்றில் மூன்றை முழுதாகக் கேட்டுவிட்டேன்.

மனதில் நின்றது மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982-இல் வெளியிட்ட ஆல்பம். பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் சின்தசைசரில் (மின்னணு இசைக்கருவி) வாசித்திருக்கிறார். அவர் பயன்படுத்தியவை ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 என்ற பேஸ் சின்தசைசர், டிஆர்-808 என்ற தாள இயந்திரம். இதே டிபி-303-ஐ வைத்துச் சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசை பிறந்தது சில ஆண்டுகள் கழித்துத்தான்! இந்த ஆல்பமோ அப்போது கவனிக்கப்படாமலே போய், 2010-இல் மறுவெளியீடு வந்த பிறகுதான் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பைரவ் ராகத்தை மட்டும் நாலைந்து முறை கேட்டேன். பத்தையும் ஒரே மூச்சில் கேட்டால் தாளம் அலுக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது அமெரிக்க இசையமைப்பாளர் வில்லியம் பசின்ஸ்கியின் 'டிஸின்டெக்ரேஷன் லூப்ஸ்'. தன் பழைய இசைப்பதிவுகள் இருந்த காந்த நாடாக்களை 2001-இல் டிஜிட்டலுக்கு மாற்றும்போது அவற்றின் பூச்சு உதிர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அவர் நிறுத்தவில்லை, அந்தச் சிதைவையே ஆல்பமாக்கிவிட்டார். முதல் துண்டே ஒரு மணி நேரத்துக்கு மேல். பத்தாவது நிமிடத்தில் 'இது தேவையா' என்று தோன்றியது, நாற்பதாவது நிமிடத்தில் எழுந்திருக்க மனம் வரவில்லை. பரிந்துரைத்தவருக்கு நன்றி.

அப்புறம் மார்ட் கார்சன் 1976-இல் செடிகள் கேட்பதற்கென்றே போட்ட 'பிளான்டேசியா' ஆல்பம். இனிமைதான். என் செடியிடம் மாற்றம் எதுவும் தெரியவில்லை.