அதே எஞ்சின், இரண்டு மடங்கு வேகம்: ரீனோ பந்தயத்தைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் பகிருங்கள்

மேகவழி:

வணக்கம் நண்பர்களே. நான் விமானம் ஓட்டப் பழகியது கலிஃபோர்னியாவில், ஒரு செஸ்னா 150-இல். மூக்கில் கான்டினென்டல் ஓ-200 எஞ்சின், 100 குதிரைத்திறன். எவ்வளவு விரட்டினாலும் மணிக்கு 125 மைலைத் தாண்டாது.

அதே ஓ-200 தான் ஃபார்முலா ஒன் விமானப் பந்தயத்திலும் ஓடுகிறது, முன்னணி விமானங்கள் 250 மைல் வேகத்தில் சுற்றுகின்றன என்று கூட வேலை பார்த்த நண்பர் சொன்னபோது நான் நம்பவில்லை. அவர் ஒரு பந்தய விமானத்தின் பிட் குழுவில் இருந்தார். "கை உதவிக்கு ஆள் வேண்டும், வந்து நீயே பார்" என்று ஒரு செப்டம்பரில் பந்தயம் நடந்த நெவாடாவின் ரீனோவுக்குக் கூட்டிப்போனார்.

அங்கே பந்தயத் திடலான ஸ்டெட் விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 5,000 அடி உயரத்தில் இருக்கிறது. காலையில் நல்ல குளிர். எனக்குக் கிடைத்த வேலை துடைப்பது. இறக்கையின் முன்விளிம்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கண்ணை நம்பாமல் விரலால் தடவிக்கொண்டே போகவேண்டும். ஓர் இடத்தில் ஏதோ தட்டியது. முந்தைய நாள் மோதிய பூச்சியின் காய்ந்த மிச்சம், கடுகில் பாதிகூட இருக்காது. நண்பர் அதை நகத்தால் சுரண்டாமல், தண்ணீரில் ஊறவைத்து எடுக்கச் சொன்னார். அந்த இறக்கை, காற்று கலங்காமல் வழுக்கிக்கொண்டு ஓடுவதற்காகவே வடிவமைத்தது. முன்விளிம்பில் ஒரு துணுக்கு இருந்தால் போதும், அதற்குப் பின்னால் ஆப்பு மாதிரி விரிந்து காற்று கலங்கிவிடும். அத்தனை பரப்பிலும் விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் காற்றின் இழுவை கூடும். அப்புறம் எஞ்சின் மூடியின் இணைப்புகள், சின்னச் சின்னக் கதவுகளின் இடுக்குகள் எல்லாவற்றிலும் டேப் ஒட்டினோம்.

எட்டு விமானங்கள் ஓடுபாதையில் நின்றபடி கொடி அசைவுக்குக் காத்திருந்து, ஒன்றாகக் கிளம்பின. சுற்று ஒன்றுக்கு ஏறக்குறைய 3 மைல், மொத்தம் 8 சுற்று. அதைப் பார்த்த அன்று இரவு கணக்குப் போட்டேன். வேகம் இரண்டு மடங்கானால், தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். அதாவது செஸ்னாவின் உடம்பை 250 மைலில் தள்ள 800 குதிரைத்திறன் வேண்டும். இந்தக் குட்டி விமானம் நூற்றுச் சொச்சத்திலேயே போகிறது. மிச்சம் 700 குதிரையைச் சம்பாதித்துக் கொடுத்தது அதன் வடிவமும், அந்தத் துணியும், டேப்பும்தான். இத்தனைக்கும் விதிப்படி சக்கரங்களை உள்ளே மடக்கக்கூடாது, இறக்கைப் பரப்பு 66 சதுர அடிக்குக் குறையக்கூடாது, வெற்று எடை 500 பவுண்டுக்குக் கீழே போகக்கூடாது.

ஜான் ஷார்ப் ஓட்டிய நெமெசிஸ் என்ற பந்தய விமானம் இதே வகுப்பில் 1991 முதல் 1999 வரை 48 போட்டிகளில் 45-ஐ வென்றது. அந்த விமானம் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

சிலிண்டர்_நாலு:

நல்ல பதிவு. ஆனால் எஞ்சின்காரனாக ஒன்று சொல்லியாக வேண்டும். ஓ-200-இன் அதிகபட்சச் சுழற்சி நிமிடத்துக்கு 2,750 என்றுதான் கம்பெனி குறிக்கிறது. பந்தயத்தில் 4,000-ஐத் தாண்டி ஓட்டுகிறார்கள். பிஸ்டன்களையும் கனெக்டிங் ராடுகளையும் எடைபோட்டு ஒன்றுக்கொன்று பொருத்தி, சமன் செய்து, ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி மறுபடி பார்த்தால்தான் அது சிதறாமல் இருக்கும். அந்த உழைப்பை யாரும் குறைவாக எண்ண வேண்டாம்.

நான் சில வருடம் ஒரு குழுவுக்கு எஞ்சின் வேலை செய்தேன். ஒரு சீசனில் சுழற்சியைக் கூட்டினோம். ஓட்டம் பிரமாதம், ஆனால் சிலிண்டர் தலைகள் கொதித்தன. வேறு வழியில்லாமல் எஞ்சின் மூடியின் அடியில் காற்று வெளியேறும் வாயைப் பெரிதாக்கினோம். அதனால் இழுவை கூடி, கூடக் கிடைத்த திறனை அந்த வாயே தின்றுவிட்டது. சுற்று நேரம் துளிகூட மாறவில்லை. எனக்கு அன்று வந்த வருத்தம் இன்னும் நினைவிருக்கிறது.

அடுத்த குளிர்காலம் முழுக்க எஞ்சினைத் தொடவே இல்லை. உள்ளே இருட்டில் ஒரு விளக்கை வைத்து, காற்றைச் சிலிண்டர்கள் பக்கம் திருப்பும் தடுப்புத் தகடுகளைச் சுற்றி எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறது என்று பார்த்தோம். வெளிச்சம் போகிற வழியில் காற்றும் போகும், சிலிண்டரைக் குளிர்விக்காமல் சும்மா போகும். ஒவ்வோர் ஓட்டையையும் சிலிக்கான் ரப்பரால் அடைத்தோம். சூடு இறங்கியது. வாயைப் பழையதைவிடச் சிறிதாக்க முடிந்தது. வேகம் அப்போதுதான் வந்தது. என்னைக் கேட்டால் திறனா, வடிவமா என்கிற சண்டை தீர்கிற இடம் அந்த மூடிக்குள்தான்.

எஞ்சின் விதி தளர்வாக இருக்கும் வகுப்பில் கதை வேறு. அதே ஷார்ப் பிறகு டர்போ வைத்த ஆறு சிலிண்டர் எஞ்சினோடு நெமெசிஸ் என்எக்ஸ்டி செய்து, ரீனோவில் 400 மைலைத் தாண்டினார். ஆனால் அதன் உடம்பையும் பாருங்கள், எவ்வளவு சுத்தம்!

மூனிப்பிரியன்:

பந்தயம் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். ராய் லோப்ரெஸ்டி என்ற பொறியாளர் 1970-களில் மூனி என்ற சிறு விமானத்தைத் திருத்தியபோது எஞ்சின் அதே 200 குதிரைத்திறன்தான். முன் கண்ணாடியைச் சரித்தார், எஞ்சின் மூடியை மாற்றினார், இடுக்குகளை அடைத்தார். 201 மைல் வந்தது, பெயரும் மூனி 201 ஆனது. நான் திருத்தத்துக்கு முந்தைய மாடலையும் இதையும் ஒரே வாரத்தில் ஓட்டியிருக்கிறேன். ஒரே எஞ்சின் என்று காதும் சொல்லும். வேகமானியில்தான் வித்தியாசம் தெரியும்.

கம்பளிநூல்:

வீட்டு கராஜில் ஆர்வி-6 என்ற சிறு விமானத்தைக் கட்டியவன் நான். சக்கர மூடிகள் இல்லாமல் முதலில் பறந்தேன், பிறகு மாட்டிக்கொண்டு பறந்தேன். சுமார் 12 மைல் கூடியது. ஆனால் விமானம் இடப்பக்கம் இழுத்தது. சக்கரத்தைத் தாங்கும் கால்களின் உறைகளில் ஒன்றை நான் ஒரு நூல் அளவு திருகலாகப் பொருத்தியிருந்தேன்.

அதற்குப் பிறகு வெறும் அனுமானத்தில் எதையும் ஒட்டுவதில்லை. மூன்று அங்குலக் கம்பளி நூல் துண்டுகளை இறக்கையும் உடலும் சேரும் மூலையில் வரிசையாக ஒட்டிவிட்டுப் பறப்பேன், பக்கத்தில் பறக்கும் நண்பர் படம் எடுப்பார். நூல் படிந்து கிடந்தால் காற்று ஒழுங்காகப் போகிறது. துடித்தால், பின்னோக்கி மடிந்தால், அங்கே வேலை இருக்கிறது. என்னுடையதில் இறக்கையின் பின்விளிம்பு மூலையில் நான்கு நூல்கள் பைத்தியமாக ஆடின. அங்கே மூலையை நிரப்ப வைத்த வளைவைப் பெரிதாக்கிய பிறகு இரண்டு அடங்கின, இரண்டு இன்னும் ஆடுகின்றன.

மைக் அர்னால்ட் தானே கட்டிய ஏஆர்-5 விமானம் இதற்கெல்லாம் குரு. 65 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் எஞ்சினில் 1992-இல் 213 மைல், அதன் எடைப் பிரிவில் அன்று உலக சாதனை.

உங்களில் யாராவது இதே மூலையைச் சரிசெய்திருந்தால், நூல் ஒட்டிய படத்தையும் வளைவின் அளவையும் போடுங்கள். இந்த மாதம் மறுபடி ஃபைபர் வேலை ஆரம்பிக்கிறேன்.