குழந்தைகள் உள்ள வீட்டுக்குச் சாதுவான நாய்க்குட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: உறையூர்க்காரி

வணக்கம். திருச்சி உறையூரில் சிறிய முற்றமும் மொட்டை மாடியும் உள்ள தனி வீட்டில் வசிக்கிறோம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4 வயது. மகள் இரண்டு ஆண்டுகளாக நாய்க்குட்டி கேட்டுக்கொண்டிருக்கிறாள். மகனோ, தெருநாய் ஒன்று துரத்திய நாளிலிருந்து, குரைப்புச் சத்தம் கேட்டாலே என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்கிறான். ஆகவே அமைதியான குட்டியாகப் பார்த்து வாங்கினால் இருவருக்கும் பொருந்தும் என்று நினைத்தோம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை ஒருவர் வீட்டில் லாப்ரடார் குட்டிகளைப் பார்த்தோம். ஏழு குட்டிகள், 40 நாள் ஆனவை. ஆறு குட்டிகள் எங்கள் காலைச் சுற்றி வந்து செருப்பைக் கடித்து இழுத்தன. ஒன்று மட்டும் மூலையில் சுருண்டு படுத்திருந்தது. தூக்கி மடியில் வைத்தபோதும் அசையாமல் கிடந்தது. விற்பவர், "இதுதான் உங்கள் வீட்டுக்கு ஏற்றது, குழந்தை காதைப் பிடித்து இழுத்தாலும் ஒன்றும் செய்யாது" என்றார். அடுத்த ஞாயிறே எடுத்துப் போகலாம் என்றும் சொன்னார். தாய் நாயைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, அது உறவினர் வீட்டில் இருப்பதாகப் பதில் வந்தது.

என் கணவர் முன்பணம் கொடுத்துவிடலாம் என்கிறார். எனக்கு மட்டும் ஏதோ நெருடுகிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

அம்மா, உங்களுக்கு நெருடியதில் நியாயம் இருக்கிறது. முன்பணத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

நாற்பது நாள் குட்டி ஒரு நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும் என்பதால், நீங்கள் போன நேரத்தில் அது வயிறு நிறையக் குடித்துவிட்டு உறங்கியிருக்கலாம்; அப்படியானால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் கூடப் பிறந்த ஆறும் விளையாடும்போது ஏழாவது மட்டும் எப்போதும் விலகியே கிடக்கிறது என்றால், அதற்குச் சாது என்று பட்டம் கொடுப்பதற்கு முன் அது நோயுற்றிருக்கிறதா, பயந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். "ரொம்ப சாது டாக்டர், சத்தமே போடாது" என்று சொல்லி என்னிடம் தூக்கி வரப்பட்ட குட்டிகளில் பல, குடல் நிறையக் கொக்கிப்புழுவைச் சுமந்து இரத்தசோகையில் துவண்டவை. மருந்து கொடுத்துப் பதினைந்து நாள் கழித்து அதே வீட்டுக்காரர்கள், "சாதுவான குட்டியை இப்படி ஆக்கிவிட்டீர்களே" என்று குறைப்பட்டுக்கொண்டு வந்ததும் உண்டு.

எனவே முதலில் உடலைப் பாருங்கள். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தால் அது இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்ததும் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். ஈறு வெளிறி, உடல் மெலிந்திருக்க வயிறு மட்டும் பானைபோல் உப்பியிருந்தால் புழுத் தொல்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். உருண்டைப்புழு தாயின் கருப்பையிலேயே குட்டிக்குள் புகுந்துவிடும். கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகவும் வரும். அதனால்தான் பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்தே இரு வாரத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுக்கச் சொல்கிறோம். இந்த உருண்டைப்புழுவின் முட்டை மண்ணில் கிடந்து, மண்ணில் விளையாடும் சிறு பிள்ளைகளின் வயிற்றுக்குள்ளும் போகக்கூடியது என்பதை நான்கு வயது மகன் உள்ள நீங்கள் கவனத்தில் கொள்ள வேண்டும். மருந்து கொடுத்த தேதிகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது பயம். மடியில் அசையாமல் கிடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உடல் தளர்ந்து, உங்கள் கையை முகர்ந்து, வாலை லேசாக ஆட்டியபடி கிடந்தால் அது நிம்மதி. உடல் விறைத்து, வாலை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பி உதட்டை நக்கியபடி கிடந்தால் அது பயத்தில் உறைந்து போயிருக்கிறது என்று பொருள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் பயந்த குட்டி வளர்ந்த பிறகு, சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் குழந்தை வழிமறித்து நிற்கும் ஒரு நாளில், ஒதுங்க இடமில்லாமல் கடித்துவிடக்கூடும். அதன் பிறகு எல்லோரும், "இத்தனை நாள் சாதுவாக இருந்ததே" என்பார்கள்.

இன்னொரு முறை போங்கள், காலையில், தீனி வைப்பதற்கு முன்னால் போங்கள், குழந்தைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். தரையில் உட்கார்ந்துகொண்டு, குட்டிகளைக் கூப்பிடாமல் கொஞ்ச நேரம் சும்மா பாருங்கள். பிறகு சாவிக்கொத்தைச் சற்றுத் தள்ளித் தரையில் போடுங்கள். எந்தக் குட்டியும் திடுக்கிடத்தான் செய்யும், அதில் குற்றமில்லை. திடுக்கிட்ட பிறகு எவ்வளவு நேரத்தில் தெளிகிறது என்பதில்தான் நீங்கள் தேடும் குணம் இருக்கிறது. சில நொடிகளில் தெளிந்து, சாவியிடம் வந்து முகர்ந்து பார்க்கும் குட்டி, நாளை உங்கள் மகன் தட்டைக் கீழே போட்டுடைத்தாலும் தாங்கிக்கொள்ளும். ஓடி ஒளிந்து திரும்பி வராத குட்டியையும், சாவியைக் கவ்விக்கொண்டு யாருக்கும் தர மறுத்து உறுமும் குட்டியையும் முதல் முறையாக நாய் வளர்ப்பவர்கள் தவிர்ப்பது நல்லது.

தாயைக் காட்டாத இடத்தில் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தாயின் சுபாவத்தில் ஒரு பங்கு இரத்தத்தின் வழியாகவும் இன்னொரு பங்கு பழக்கத்தின் வழியாகவும் குட்டிக்கு வருகிறது. அந்நியரைக் கண்டு நடுங்கும் தாயைப் பார்த்து வளர்ந்த குட்டியும் நடுங்கவே கற்றுக்கொள்ளும். மேலும் 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. அடுத்த ஞாயிறு அதற்கு 47 நாள்தான் ஆகிறது. கடிக்கும்போது எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதைக் கூடப் பிறந்தவை கத்திக் கத்திச் சொல்லிக்கொடுக்கும் காலம் இதுதான். ஏழாவது வாரத்தில் பிரித்து எடுத்து வந்தால், மிச்சப் பாடத்தை உங்கள் குழந்தைகளின் கைகளில்தான் அது படிக்கும்.

பதில்: நாய்ப்பிரியன்

டாக்டர் சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 49ஆம் நாளில் செய்யும் குணச் சோதனை ஒன்று இருக்கிறது. குட்டியை மல்லாக்கப் படுக்க வைத்து முப்பது நொடி பிடித்திருப்பது, தரையிலிருந்து தூக்கிப் பிடிப்பது, காகித உருண்டையை எறிந்து எடுத்து வருகிறதா என்று பார்ப்பது என வரிசையாகச் செய்து மதிப்பெண் போடுவார்கள். அதைச் செய்தால் குட்டியின் எதிர்காலக் குணத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். நான் இரண்டு குட்டிகளை இப்படித்தான் எடுத்தேன்.

பதில்: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

அந்தச் சோதனையைச் செய்வதில் தீங்கில்லை, தம்பி. ஆனால் அதைக் குட்டியின் ஜாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வியன்னாவில் பார்டர் காலி இன நாய்களைப் பிறந்த சில நாட்களிலும், ஆறேழு வாரத்திலும், வளர்ந்த பிறகும் சோதித்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், குட்டிப் பருவத்து முடிவுகளுக்கும் வளர்ந்த நாயின் குணத்துக்கும் மிகக் குறைவான தொடர்பே காணப்பட்டது. இனத்தின் பெயரும் அப்படித்தான். 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டி 2022இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் சுமார் 9 விழுக்காட்டைத்தான் இனத்தைக் கொண்டு விளக்க முடிகிறது என்றது. நான் சொன்ன சாவிக்கொத்தும் அன்றைக்கு அந்தக் குட்டி எப்படி இருக்கிறது என்பதைத்தான் காட்டும். மீதியை முடிவு செய்வது மூன்றாவது வாரம் முதல் பதினான்காவது வாரம் வரை அது எதையெல்லாம் கண்டு பழகுகிறது என்பதே. அதில் பாதிக் காலம் உங்கள் வீட்டில்தான் கழியப்போகிறது.

பதில்: ஈரோட்டுத் தந்தை

எங்கள் வீட்டிலும் லாப்ரடார்தான், பிள்ளைகளும் இரண்டு பேர்தான் என்பதால் எழுதுகிறேன். லாப்ரடார் சாதுவான இனம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது இரண்டு, மூன்று வயதுக்குப் பிறகு வரும் சாது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. நான்காவது மாதத்தில் பால்பல் விழத் தொடங்கியதிலிருந்து ஏழாவது மாதம்வரை எங்கள் வீட்டு நாற்காலிக் கால், பள்ளிக்கூடப் பை, மாமியாரின் மூக்குக் கண்ணாடி எதுவும் தப்பவில்லை. எட்டாவது மாதத்தில் அது 25 கிலோ. அப்போது என் இளைய மகன் 16 கிலோ. அன்போடு ஓடி வந்து மேலே தாவினாலே அவன் தரையில் விழுந்து அழுவான். அந்த நாய்க்குத் தீய எண்ணம் துளியும் இல்லை, ஆனால் விழுகிறவனுக்கு அது எப்படித் தெரியும்?

எங்களைக் காப்பாற்றியவை மிக எளிய ஏற்பாடுகள். சமையலறை வாசலில் இடுப்பளவுக்கு ஒரு மரத்தடுப்பு போட்டோம். நாய்க்குப் படிக்கட்டின் அடியில் ஓர் இடம் ஒதுக்கி, அது அங்கே போய்ப் படுத்துவிட்டால் பிள்ளைகள் கூப்பிடவும் கூடாது, தொடவும் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தோம். தின்னும்போதும் தூங்கும்போதும் அருகே போவதில்லை. கழுத்தைக் கட்டிப்பிடிப்பதும் இல்லை. பெரியவர் யாரும் இல்லாத அறையில் சின்னவனும் நாயும் தனியாக இருந்ததே கிடையாது. காதை இழுத்தாலும் ஒன்றும் செய்யாது என்று விற்பவர் சொன்னதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. காதை இழுக்கக் கூடாது என்று குழந்தைக்கல்லவா சொல்ல வேண்டும்?

நடுவில் ஒரு யோசனை. உங்கள் மகன் ஏற்கெனவே பயந்தவன் என்பதால், குட்டிக்குப் பதிலாக, குழந்தைகளோடு பழகிய இரண்டு, மூன்று வயது நாயைத் தத்தெடுக்க முடியுமா என்றும் பாருங்கள். வளர்ந்த நாயிடம் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. அதன் குணம் கண்ணெதிரே நிற்கும்.

பதில்: விருதுநகர் விவசாயி

வெளிநாட்டு இனத்தைத் தேடுவானேன், நம் நாட்டு நாய் போதாதா என்று யாராவது எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தேன்; எழுதாததால் நானே எழுதுகிறேன். திருச்சி வெயிலுக்கு இரட்டை ரோமத்தோடு லாப்ரடார் படும் பாட்டைவிட, தெருவில் பிறந்த குட்டி ஒன்றை எட்டு வாரத்தில் எடுத்துத் தடுப்பூசி போட்டு வளர்ப்பது எவ்வளவோ எளிது.

ஆனால் எங்கள் ஊர்ப்பக்கத்து ராஜபாளையத்தைச் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். 2005இல் அஞ்சல் தலை வெளியிடும் அளவுக்குப் பெருமைக்குரிய இனம்தான், என் தோட்டத்தையும் அதுதான் காக்கிறது. தன் வீட்டுப் பிள்ளைகளிடம் அது குழைந்துவிடும். ஆனால் அந்தப் பிள்ளைகளோடு விளையாட வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளை அதன் கணக்கில் அந்நியர். இன்னொன்று, முழு வெள்ளைக் குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேளாதவை. எவ்வளவு சத்தத்திலும் அசையாமல் தூங்கும், பார்க்கிறவர் சாது என்று ஏமாந்து வாங்கிப் போவார். முதுகுக்குப் பின்னால் நின்று, அதன் கண்ணிலோ தரையின் அதிர்விலோ தெரியாதபடி கைதட்டிப் பார்க்காமல் எந்த வெள்ளைக் குட்டியையும் நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

பதில்: உறையூர்க்காரி

எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் காலை ஏழு மணிக்கு நானும் கணவரும் மீண்டும் போனோம். குட்டிகளுக்குத் தீனி வைக்கும் முன்பே பார்க்க வேண்டும் என்று முதல் நாளே தொலைபேசியில் சொல்லியிருந்தேன். மூலைக் குட்டி அப்போதும் மூலையிலேயே இருந்தது. ஈறு வெள்ளைக் காகிதம்போல் இருந்ததைக் கணவரும் பார்த்தார். விற்பவரிடம் சொன்னோம், பூச்சி மருந்து ஒரே ஒருமுறைதான் கொடுத்திருப்பதாக ஒப்புக்கொண்டார். அருகில் உள்ள மருத்துவரிடம் அதை உடனே காட்டும்படி கேட்டுக்கொண்டோம், மாலையில் காட்டியதாகச் செய்தி அனுப்பினார். தாய் நாயையும் ஒரு மணி நேரத்தில் வரவழைத்துவிட்டார். அது எங்களைப் பார்த்து இரண்டு முறை குரைத்துவிட்டு, பிறகு என் கணவரின் காலடியில் வந்து படுத்துக்கொண்டது.

சாவிக்கொத்தைப் போட்டபோது நான்கு குட்டிகள் சிதறின, ஒன்று கவ்விக்கொண்டு ஓடியது. பெண் குட்டி ஒன்று பின்வாங்கி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, மெல்ல வந்து முகர்ந்துவிட்டு, தன் தாயிடம் போய்விட்டது. எங்களிடம் அது பெரிய ஆர்வம் காட்டவில்லை என்பதுதான் கணவருக்குச் சற்று வருத்தம். அதைத்தான் சொல்லி வைத்திருக்கிறோம். எட்டு வாரம் நிறைந்த பிறகு, இரண்டு ஞாயிறு கழித்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னபோது விற்பவர் முகம் சுளித்தார், ஆனால் மறுக்கவில்லை. மகன் இப்போது துணி பொம்மையை வைத்துக்கொண்டு, தலையில் தட்டாமல் தோளில் தடவுவது எப்படி என்று அக்காவிடம் படித்துக்கொண்டிருக்கிறான். அழைத்து வரும் நாளில் வேறு ஏதேனும் கவனிக்க வேண்டுமா?

பதில்: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

நல்ல தேர்வு. பழைய துண்டு ஒன்றை இப்போதே கொடுத்து, தாயும் குட்டிகளும் படுக்கும் இடத்தில் விரித்து வைக்கச் சொல்லுங்கள். அழைத்து வரும்போது துவைக்காமல் அப்படியே எடுத்து வந்து அதன் படுக்கையில் போடுங்கள், முதல் இரவின் அழுகை பாதியாகக் குறையும். முதல் தடுப்பூசி போட்ட தேதியைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள், மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். பார்வோ என்ற கொடிய தொற்றுநோய்ப் பயம் இருப்பதால் தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்கி விடாதீர்கள். ஆனால் கையில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவையும் ஆட்டோச் சத்தத்தையும் பள்ளிக்கூட வாசலையும் காட்டுங்கள். முதல் நாளில் மகன் அதனிடம் போக வேண்டாம். அவன் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருக்கட்டும், அது வரும்.