பிரஷர் மாத்திரை மாத்தினதும் கையெல்லாம் தடிப்பு

கேள்வி (பாம்பன்): வயசு 56, கருவாடு காயப்போடுற வேலை. போன மாசம் டெல்மிசார்டனோட ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்த மாத்திரை குடுத்தாங்க. மூணாம் வாரம் முழங்கைக்குக் கீழயும் பிடரியிலயும் செவந்து தடிச்சு ஒரே அரிப்பு. ஜாக்கெட் மறைச்ச இடத்துல ஒண்ணுமில்ல. உப்புதான்னு மருமக சொல்றா. 30 வருசமா ஒத்துக்கிட்ட உப்பு இப்பவா கடிக்கும்?

தொண்டி: அக்கா, உப்பில்ல, வெயில். ஹைட்ரோகுளோரோதயசைடு நீர் பிரியற மருந்து. சிலருக்கு வெயில் பட்ட தோல் இப்படித் தடிச்சிரும். எங்க அத்தாவுக்கும் இதேதான், டாக்டர் மாத்திரையை மாத்தினாரு, அடங்கிருச்சு. நீங்களா நிறுத்திராதீங்க, பிரஷர் ஏறிரும்.

கீழக்கரை: உதடு, முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. இல்லாட்டி டாக்டரைப் பாக்குற வரைக்கும் முழுக்கை சட்டை.

பாம்பன்: வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கிட்டுத்தான் மீனைப் பரப்புறேன், தெருவே சிரிக்குது. நாளைக்கு மாத்திரை அட்டையோட போறேன்.