மலைச்சாலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு நடத்தி அனுப்பலாமா?

மலைச்சாரல் (குன்னூர் வட்டம்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். குன்னூர்–கோத்தகிரி சாலையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் வசிக்கிறோம். மகன் ஏழாம் வகுப்பு, மகள் மூன்றாம் வகுப்பு. பள்ளி ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இதுவரை வாடகை ஜீப்பில் போய்வந்தார்கள். பின்கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு, பதினான்கு பிள்ளைகளை அடைத்துச் செல்லும் அந்த ஜீப்பை ஒருநாள் பின்னாலிருந்து பார்த்த பிறகு, நடந்து போவதே மேல் என்று முடிவு செய்துவிட்டேன்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 2010-ஆம் ஆண்டு விதிகள், ஐந்தாம் வகுப்பு வரை 1 கி.மீ.க்குள்ளும், ஆறு முதல் எட்டு வரை 3 கி.மீ.க்குள்ளும் பள்ளி இருக்கவேண்டும் என்கின்றன. சமவெளியில் அது வெறும் தூரம். இங்கே அதற்குள் ஏற்றமும் மூடுபனியும் காட்டெருமையும் அடக்கம். தேயிலைத் தோட்டத்துக் குறுக்குவழியில் போனால் இருபது நிமிடம், தார்ச்சாலையில் போனால் முப்பது நிமிடம் ஆகும். சாலையில் எதிரே வருவது தெரியாத வளைவுகள் இரண்டு உண்டு. மகனோ சைக்கிள் கேட்கிறான். "இறக்கந்தானே அம்மா, மிதிக்கவே வேண்டாம்" என்கிறான். என் பயமே அந்த இறக்கந்தான். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

கட்டபெட்டு வாசகர்:

சகோதரி, குறுக்குவழியை முதலில் மறந்துவிடுங்கள். தேயிலைச் செடி நமக்கு இடுப்பளவு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கழுத்தளவு. காலை வெயிலுக்குக் காட்டெருமை செடிகளுக்கிடையே படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தால், பத்தடி நெருங்கும் வரை நமக்கே தெரியாது; கூட்டத்தைவிட ஒற்றையாகத் திரியும் ஆண் மாட்டிடம்தான் கூடுதல் எச்சரிக்கை தேவை. கரடிக்கும் விடியற்காலையும் அந்திப்பொழுதும் தோதான நேரம். கொழுந்து பறிக்கும் பெண்கள் அந்தக் காட்டில் இறங்கிய பிறகு அவர்களோடு போவது வேறு. பிள்ளைகள் தனியே போவது வேறு.

எங்கள் ஊரில் ஒன்பது பிள்ளைகள் சேர்ந்து போகிறார்கள். முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பெரியவர். முறை வைத்து மாறிக்கொள்கிறோம். குறித்த நேரத்தில் குறித்த வீட்டு வாசலில் நின்று, அடுத்த பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு நகர்வதால் பேருந்து போலத்தான். இதை 'நடைப் பேருந்து' என்று 1990-களில் எடுத்துச் சொன்னவர் ஆஸ்திரேலியாவின் டேவிட் எங்விக்ட். ஆனால் எங்கள் பாட்டிமார் அந்தப் பெயரைக் கேளாமலே இதைச் செய்தவர்கள்.

ஓய்வுபெற்ற மலைப்பாதை ஓட்டுநர்:

அம்மா, ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெரிவதைச் சொல்கிறேன். நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்புறமாக நடக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். நேரான சாலையில் அது சரி. சாலை வலப்பக்கம் திரும்பும் வளைவிலோ வலப்புறம் என்பது மண்திட்டை ஒட்டிய உள்பக்கம். அங்கே நடக்கும் பிள்ளையை எதிரே வரும் ஓட்டுநர் கடைசி நொடியில்தான் பார்ப்பார். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 10 மீட்டர் நகர்ந்துவிடும். ஓட்டுநர் கால் பிரேக்குக்குப் போவதற்குள் அவ்வளவு தூரம் கடந்திருக்கும். ஆகவே வளைவுக்கு முன்பே, இருபுறமும் தெரியும் இடத்தில் சாலையைக் கடந்து, வெளிப்பக்கமாகப் போகச் சொல்லுங்கள்.

பேருந்தோ கொழுந்து லாரியோ வந்தால் வளைவுக்குள் நுழையாமல் முன்னதாகவே ஒதுங்கி நிற்கவேண்டும். முன்சக்கரம் விலகிப் போவதைப் பார்த்து வண்டி போய்விட்டது என்று பிள்ளைகள் நினைப்பார்கள்; திரும்பும்போது பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும் என்பது அவர்களுக்குத் தெரியாது. இதை வாயால் சொன்னால் புரியாது. ஒருநாள் தள்ளி நின்று காட்டிவிடுங்கள்.

மழைக்கோட்டுத் தொப்பி பக்கவாட்டுப் பார்வையையும் ஹாரன் சத்தத்தையும் மறைக்கும். கடக்கும் இடத்தில் அதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுத்தான் கடக்கவேண்டும். கருநீலக் கோட்டு மூடுபனியில் கரைந்துவிடும், மஞ்சள் வாங்குங்கள். சனிக்கிழமை பள்ளி இருந்தால் கட்டாயம் பெரியவர் துணை வேண்டும். அன்று சமவெளியிலிருந்து சுற்றுலா வருபவர்களில் சிலர் இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டுவிட்டு, பிரேக் சூடேறியபின் தவிப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

உடற்கல்வி ஆசிரியர், கோத்தகிரி:

சைக்கிளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் என் அண்ணன் மகளுக்குக் கிடைத்த சைக்கிளுக்குக் கியர் கிடையாது. ஏற்றத்தில் அவள் அதைத் தள்ளிக்கொண்டுதான் போனாள். இறக்கத்தில் சிக்கல் வேறு. நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை முதலில் தண்ணீரைத்தான் துடைக்கும், அதன் பிறகே பிடிக்கும். முன்பிரேக்கை மட்டும் வெடுக்கென்று அழுத்தினால் பிள்ளை தலைகுப்புற விழும். இரண்டையும் சேர்த்து, விட்டுவிட்டு அழுத்தப் பழகவேண்டும். உங்கள் மகன் முதலில் மைதானத்தில், பிறகு வண்டி அதிகம் வராத ஊர்ச்சாலையில் பழகட்டும். இறக்கத்தில் சொன்ன கோட்டில் நிறுத்தத் தெரியும்வரை, என்னைக் கேட்டால், பள்ளிக்குச் சைக்கிள் வேண்டாம்.

மலைச்சாரல்:

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரமாக ஆறு பிள்ளைகள் சாலை வழியே நடக்கிறார்கள். முதல் வாரம் நானும் கூடவே போனேன். இரண்டாவது வளைவுக்கு முன் இருக்கும் சில்வர் ஓக் மரத்தைக் கடக்கும் இடமாக வைத்துக்கொண்டோம். அங்கே வந்ததும் மகள் தானாகவே தொப்பியைத் தள்ளிவிட்டு இரண்டு பக்கமும் பார்க்கிறாள். மகன்தான் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொடுக்கிறேன், நேற்று கோட்டைத் தாண்டி இரண்டடி தள்ளித்தான் நின்றான்.