செருகு இருவிசை மகிழுந்து: ‘பிளக்-இன் ஹைப்ரிட்’டுக்கு ஒரு கலைச்சொல்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து வணக்கம்.

பெட்ரோலிலும், வீட்டு மின்முனையில் செருகி நிரப்பும் மின்சாரத்திலும் ஓடும் ‘பிளக்-இன் ஹைப்ரிட்’ வண்டிக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று சென்ற வாரம் தொடங்கிய உரையாடலில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. சென்னை நண்பர் ‘செருகு கலப்பின மகிழுந்து’ என்றார். ஈப்போவில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர் ‘ஈராற்றல் மகிழுந்து’ என்றார். கிள்ளானிலிருந்து எழுதிய அம்மையார் ‘மின்னேற்றுக் கலப்பு வண்டி’ போதும் என்றார். நான் உடனே மறுமொழி எழுதவில்லை. என் தங்கையின் கணவர் இவ்வகை வண்டி ஒன்றை வாங்கிச் சில மாதங்கள் ஆகின்றன. அவருடைய மின்கட்டணச் சீட்டுகளையும் பெட்ரோல் கணக்கையும் அவரோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன். பார்த்த பிறகு என் கருத்து மாறியது. அதனால்தான் இந்த மடல் நீள்கிறது.

முதலில் ‘கலப்பினம்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்கிறேன். என் தந்தையார் செம்பனை (எண்ணெய்ப் பனை)த் தோட்டத்து நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்தவர். எங்கள் வட்டாரத்தில் கலப்பினம் என்றால் தெனெரா கன்று. ஓடு தடித்த டூரா வகையையும் ஓடே இல்லாத பிசிஃபெரா வகையையும் இணைத்துப் பெற்ற மெல்லோட்டுப் பழம் அது. அந்தப் பழத்தை அரிவாளால் இரண்டாக வெட்டிக் கையில் வைத்துப் பார்த்தால், நடுவில் பருப்பு, அதைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையமாக ஓடு, அதற்கு வெளியே எண்ணெய் கசியும் மஞ்சள் சதை தெரியும். இதில் டூரா எவ்வளவு, பிசிஃபெரா எவ்வளவு என்று எவராலும் பிரித்துக் காட்ட முடியாது. பிரிக்க முடியாமல் ஒன்றாகிவிட்டதே கலப்பினத்தின் இலக்கணம். வண்டியில் நடப்பது அதுவன்று. பெட்ரோல் எஞ்சின் ஒரு பக்கம், மின்மோட்டார் ஒரு பக்கம் என இரண்டும் தனித்தனியே நிற்கின்றன. ஒன்று ஓய்ந்திருக்கும்போது மற்றொன்று இழுக்கிறது, மேடு வந்தால் இரண்டும் சேர்ந்து இழுக்கின்றன. ஆகவே ‘கலப்பினம்’ விதைக்கும் கன்றுக்கும் உரிய சொல்லாகவே இருக்கட்டும். அதை வண்டிக்கு இழுத்து வருவது தோட்டத்து வாசகருக்குத் தவறான படத்தையே காட்டும். ‘கலப்பு’ என்று சுருக்கினாலும் நிலைமை சீராகாது. பாலில் தண்ணீர் கலந்ததுபோன்ற ஒரு குறைவுப் பொருள் அதில் ஒட்டிக்கொள்கிறது.

பொதுவான ஹைப்ரிட் வண்டிக்கு ‘இருவிசை மகிழுந்து’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். இயற்பியலில் விசை என்பது வேறு, திறன் என்பது வேறு என்று ஆசிரியர் மறுக்கக்கூடும். ஆனால் விசைத்தறி, விசைப்படகு ஆகிய சொற்களில் ‘விசை’ என்பது இயந்திரத்தின் இயக்குவலிமை என்னும் பொருளில் வேரூன்றிவிட்டது. கையால் நெய்த தறிக்கு மோட்டார் வந்ததும் விசைத்தறி என்று மக்கள் தயங்காமல் சொன்னார்கள். அந்த வரிசையில் இருவிசை வண்டி எளிதாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்தது சிக்கலான இடம். 1997-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியசும், அதைப் பின்பற்றி வந்த வண்டிகளும் இருவிசைதான். ஆனால் அவற்றுக்கு வெளியிலிருந்து மின்சாரம் ஏற்ற வழியில்லை. பிரியசின் மூன்றாம் தலைமுறை வண்டியில் இருந்த மின்கலத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 1.3 கிலோவாட் மணி, அதாவது ஒன்றே கால் யூனிட்டைச் சற்றே தாண்டியது. அதில் சேரும் மின்சாரம் எஞ்சின் சுழல்வதாலும் பிரேக் பிடிக்கும்போது மீள்வதாலும் கிடைப்பது. ஆக, அந்த மின்சாரத்தை ஈன்றதும் பெட்ரோலே. 2008 டிசம்பரில் சீனாவில் பிஒய்டி நிறுவனத்தின் எஃப்3டிஎம், 2010 டிசம்பரில் அமெரிக்காவில் செவ்ரோலெட் வோல்ட் என வெளிவந்த வண்டிகளில்தான், பெரிய மின்கலமும் அதைச் சுவரிலிருந்து நிரப்பும் வசதியும் ஒன்றாக விற்பனைக்கு வந்தன. வோல்ட்டின் மின்கலம் 16 கிலோவாட் மணி. இன்று நம் நாட்டில் ஒன்றரை இலட்சம் வெள்ளி (ரிங்கிட்) அளவில் விற்கும் சீன வண்டிகளில் 18 கிலோவாட் மணி சாதாரணம். ‘மின்னேற்று’ என்னும் சொல் இந்த வேறுபாட்டைப் பிடிக்கவில்லை, ஏனென்றால் பிரியசும் தன் மின்கலத்தில் மின்னேற்றிக்கொள்கிறது. ‘தானே மின்னேற்றிக்கொள்ளும்’ என்று விளம்பரமே செய்கிறார்கள். அம்மையார் இதை ஒப்புக்கொள்வார் என்று நம்புகிறேன்.

‘ஈராற்றல்’ என்னை மூன்று நாள் கவர்ந்திருந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். பழைய ஹைப்ரிட்டுக்கு விசை இரண்டு, ஆற்றல் மூலம் ஒன்றே. புதிய வண்டிக்கு விசையும் இரண்டு, ஆற்றல் மூலமும் இரண்டு. இவ்வளவு நுட்பமான வேறுபாட்டை ஒரே சொல்லில் அடக்கியிருப்பது ஆசிரியரின் திறமை. ஆயினும் அச்சொல் வண்டியால் எது முடியும் என்பதைச் சொல்கிறதே தவிர, வண்டிக்காரர் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. இந்த வண்டியின் ஆதாயம் முழுவதும் செருகி மின்னேற்றும் அந்தச் செயலில்தான் இருக்கிறது என்பதைக் கணக்கு காட்டியது.

மாப்பிள்ளை ஈப்போவுக்கு வேலைக்குப் போய் வருகிறார். போக 30 கிலோமீட்டர், வர 30. மாதத்தில் 22 நாள் என்றால் 1,320 கிலோமீட்டர். சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரம் நூறு கிலோமீட்டருக்கு 20 யூனிட் என்று வைத்துக்கொண்டால் மாதம் 264 யூனிட். 2025 ஜூலை முதல் நடப்பிலுள்ள வீட்டுக் கட்டணத்தில் ஆற்றல், கொள்திறன், வலையமைப்பு மூன்றையும் கூட்டினால் யூனிட்டுக்கு 44 காசுக்குச் சற்று மேல் வருகிறது. ஆக ஏறத்தாழ 117 வெள்ளி. அதே வடிவிலுள்ள பெட்ரோல் வண்டி நூறு கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடித்தால் மாதம் 106 லிட்டர் அளவு. 2025 செப்டம்பர் 30-இல் தொடங்கிய ‘புடி95’ என்னும் பெட்ரோல் சலுகைத் திட்டத்தின்படி குடிமக்களுக்கு லிட்டர் 1 வெள்ளி 99 காசு என்பதால் 210 வெள்ளி. மிச்சம் மாதம் 93 வெள்ளி. ஆனால் பெட்ரோல் வகைக்கும் இந்த வகைக்கும் விலை வேறுபாடு 20,000 வெள்ளி என்று விற்பனையாளர் கொடுத்த தாளில் இருந்தது. ஒன்பது ஆண்டுத் தவணை, முழுக்கடனுக்கும் ஆண்டு வட்டி 3 விழுக்காடு என்று போட்டால், அந்த வேறுபாட்டுக்கு மட்டுமே மாதம் 235 வெள்ளி கட்ட வேண்டும். சலுகையில்லாத விலை, அதாவது திட்டம் தொடங்கியபோது அறிவித்த 2 வெள்ளி 60 காசு, என்று வைத்துப் பார்த்தாலும் மிச்சம் 157 வெள்ளிதான்.

இதிலும் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். மாதப் பயன்பாடு 600 யூனிட்டைத் தாண்டினால் ‘சில்லறைக் கட்டணம்’ என்று 10 வெள்ளி சேர்கிறது, வரியும் வருகிறது, குறைவாகப் பயன்படுத்துவோர்க்குத் தரும் ஊக்கத்தொகையும் சுருங்குகிறது. ஏற்கெனவே குளிரூட்டி ஓடும் வீட்டில் வண்டியும் சேர்ந்தால் அந்த 117 வெள்ளி 117-ஆக நிற்பதில்லை. கூரையில் சூரியத் தகடு வைத்திருப்பவரும், மாதத்துக்கு வரையறுத்த பெட்ரோல் சலுகை அளவைத் தாண்டி ஓடுபவரும் வேறு கணக்குப் போடலாம்.

சரி, செருகவே செருகாவிட்டால்? அப்போது இது கூடுதல் மின்கல எடையைச் சுமந்து, சாதாரண இருவிசை வண்டியை விடச் சற்று அதிகமாகவே பெட்ரோல் குடிக்கும் வண்டி. இருபதாயிரம் வெள்ளிக்கு ஈடாக எதுவும் கையில் நிற்காது. இது நம் ஊருக்கு மட்டும் உரிய குறையன்று. ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, சாலையில் உண்மையாக ஓடிய வண்டிகளின் எரிபொருள் பதிவுகளை வைத்துப் பார்த்தது. இவ்வகை வண்டிகளின் கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) வெளியேற்றம் ஆய்வகச் சான்றில் உள்ளதைப் போல ஏறத்தாழ மூன்றரை மடங்கு என்று கண்டது. பெட்ரோல், டீசல் வண்டிகளில் அந்த வேறுபாடு ஐந்தில் ஒரு பங்கு அளவே. ஆய்வகம் எதிர்பார்த்த அளவுக்கு மக்கள் செருகவில்லை என்பதே இதற்கு முதன்மையான காரணம்.

செருகுவதும் கவனிக்க வேண்டிய வேலை. நம் வீடுகளில் உள்ள மூன்று கால் மின்முனை (சாக்கெட்) 13 ஆம்பியர் தாங்கும். வண்டியோடு வரும் மின்வடம் பெரும்பாலும் 2 கிலோவாட் அளவில்தான் இழுக்கிறது, ஆகவே காலியான மின்கலம் நிரம்ப ஒன்பது மணி நேரம் போல ஆகும். தேநீர்க் கெண்டி மூன்று நிமிடம் இழுப்பதும் வண்டி ஒன்பது மணி நேரம் இழுப்பதும் ஒன்றாகா. மாப்பிள்ளை முதல் மாதம் முன்வாசலில் இருந்த பழைய முனையிலேயே போட்டு வந்தார். ஒருநாள் காலையில் செருகியைப் பிடுங்கியபோது அது கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. முனையின் வெள்ளை முகப்பில், துளையைச் சுற்றி, தேநீர்க் கறைபோலப் பழுப்பேறியிருந்தது. பிறகு மின்கம்பி வேலை தெரிந்தவரை அழைத்துத் தனிக் கம்பி இழுத்துக்கொண்டார். பழைய தோட்ட வீடுகளில் குடியிருப்போர் இதை மறக்காமல் முதற்செலவில் சேர்க்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு அவர் வண்டி வாங்கியதற்காக வருந்துகிறாரா என்றால், இல்லை. விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தூங்கும் குழந்தை எழாமல் வண்டி வாசலை விட்டு நகர்கிறது. செம்பனை ஓலைகள் இருபுறமும் கவிந்த தோட்டச் சாலையில் சன்னலை இறக்கிவிட்டுப் போனால் சக்கரத்தடியில் சரளைக்கல் நெரியும் ஓசை மட்டுமே கேட்கிறது. அவரோடு ஒருமுறை போனபோது நானும் அதை மிகவும் விரும்பினேன். தீபாவளிக்குக் கோலாலம்பூர் போய்த் திரும்பும்போது நெடுஞ்சாலை ஓய்விடத்தில் மின்னேற்ற வரிசையில் காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஊருக்குள் மின்வண்டி, வெளியூருக்குப் பெட்ரோல் வண்டி என்று இரண்டு வண்டி வைத்துக்கொள்ள முடியாத குடும்பத்துக்கு இது உண்மையான கவர்ச்சி.

ஆகவே பெயரில் ‘செருகு’ என்னும் வினை இருந்தே ஆக வேண்டும் என்று முன்மொழிகிறேன். சென்னை நண்பரின் முற்பாதியை ஏற்று, பிற்பாதியை மாற்றி, ‘செருகு இருவிசை மகிழுந்து’ என்கிறேன். ‘செருகு வண்டி’ என்று மட்டும் சொன்னால் முழு மின்வண்டியும் அதில் அடங்கிவிடும். இரண்டு சொற்களும் சேர்ந்தே இதைத் தனித்துக் காட்டும். ‘செருகு’ என்பது இங்கே வினைத்தொகையாக நிற்கிறது: செருகிய, செருகுகின்ற, செருகும் என முக்காலத்தையும் உள்ளே ஒளித்துவைத்திருக்கிறது. நேற்றும் இன்றும் நாளையும் செருக வேண்டிய வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான தொகை இல்லை. புணர்ச்சி விதிப்படி ‘செருகிருவிசை’ என்று வரும். ஆனால் கண்ணுக்குப் புலப்படாமல் போகும் என்பதால் பிரித்தே எழுதுவோம். எங்கள் வீட்டுப் பேச்சில் இந்த வினை ஏற்கெனவே வந்துவிட்டது. தங்கை வீட்டில் இருக்கும் அம்மா இரவு விளக்கணைக்கும் முன், “மாப்பிள்ளை, வண்டியச் சொருகிட்டீங்களா?” என்று கேட்கிறார். சொருகு என்னும் பேச்சுவடிவமும் செருகு என்னும் எழுத்துவடிவமும் இவ்வளவு நெருங்கி இருப்பது ஒரு கலைச்சொல்லுக்குக் கிடைக்கும் பெரிய வாய்ப்பு.

இந்தப் பெயரை ஏற்றால், மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுக்க மட்டும் செய்து தனியே வண்டியை ஓட்டாத ‘மைல்ட் ஹைப்ரிட்’டுக்குத் ‘துணைவிசை மகிழுந்து’ என்று வைக்கலாமா? எஞ்சின் சக்கரத்தைத் தொடாமல் மின்சாரம் ஆக்க மட்டும் சுழலும் வகைக்கு என்னிடம் இன்னும் நல்ல சொல் இல்லை. ஈப்போ ஆசிரியரின் ‘ஆற்றல்’ அந்த இடத்தில் உதவக்கூடும் என்று தோன்றுகிறது. அவருடைய மறுமொழியை எதிர்பார்க்கிறேன்.