மால்தீனிக்குக் குதிக்கத் தெரியாதாம்! (ராமோஸ் திரியில இருந்து பிரிச்சது)

மூணாம்நம்பர்:
நேத்து ஸ்பெயின் டிஃபெண்டர் ராமோஸ் பத்தின திரியில மத்ரித்மாறன் எழுதினது இது: "மால்தீனி தன் நாடு இத்தாலிக்காக ஒரு கோப்பைகூட வாங்கல. 2002 உலகக்கோப்பையில தென் கொரியாவோட ஆன் ஜுங்-ஹ்வான் தலையில அடிக்கிறப்ப குதிக்கக்கூட முடியாம நின்னார். அவரைப் போய் எல்லா காலத்துக்கும் பெரிய டிஃபெண்டர்னு சொல்றீங்க." படிச்சதுல இருந்து வயிறு எரியுது.

மிலான்ங்கிற ஒரே கிளப்புக்கு 902 ஆட்டம். 1985 ஜனவரியில உதினேசேக்கு எதிரா இறங்கினப்ப வயசு 16. கடைசி ஆட்டம் 2009 மே மாசம், 40 வயசுல. ஐரோப்பிய கோப்பை 5, இத்தாலி லீக் சீரி ஆ 7. இத்தாலிக்கு 126 ஆட்டம், அதுல 74ல கேப்டன். இத்தனையையும் ஒரே ஒரு தலையடியை வெச்சு அழிச்சிடுவீங்களா?

மத்ரித்மாறன்:
நான் எதையும் அழிக்கல. நடந்ததைச் சொன்னேன். கொரியாவுல தேஜோன், 117வது நிமிஷம், கோல்டன் கோல், அதாவது அடிச்ச உடனே ஆட்டம் முடிஞ்சுது. இடப்பக்கத்துல இருந்து கிராஸ் வருது, ஆன் எகிறுறார், பக்கத்துல யாரு? மால்தீனி. இதுல எந்த வார்த்தை பொய்?

மூணாம்நம்பர்:
"குதிக்கல"ங்கிறது பொய். குதிச்சார். ஆன் முந்திக்கிட்டார், அவ்வளவுதான். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்க, காலு தரையில இல்ல.

கோல்போஸ்ட்குமார்:
ரெண்டு பேருக்கும் ஒரு கேள்வி. "பெரிய டிஃபெண்டர்"னா என்ன கணக்கு? கோப்பையா, நிலையா ஆடுறதா, ஒண்டிக்கு ஒண்டி நிக்கிறதா? அதை முதல்ல முடிவு பண்ணிட்டு அடிச்சுக்கலாமே.

மத்ரித்மாறன்:
கணக்கெல்லாம் அப்புறம் குமார். காலு தரையில இல்லைன்னா போதுமா? நானும் மாடிப்படியில குதிக்கிறேன். பந்துக்குப் போனாரா இல்லையா?

மூணாம்நம்பர்:
அந்த ஆட்டத்தை முழுசாப் பார்த்தவங்க இப்படிப் பேச மாட்டாங்க. நம்ம ஊர்ல சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தொடங்கின ஆட்டம். நெஸ்டாவுக்குக் காயம், கன்னவாரோவுக்குத் தடை. நடுவுல நிக்க வேண்டிய ரெண்டு பேருமே இல்லாம, இன்னும் எட்டு நாள்ல 34 முடியப்போற மனுஷன் யூலியானோவோட சேர்ந்து அந்த இடத்தைப் பிடிச்சார். 88வது நிமிஷம் வரைக்கும் இத்தாலி 1-0 முன்னால. பனுச்சி பந்தைத் தடுமாற விட்டார், சோல் கி-ஹியோன் அடிச்சார். அடுத்த கொஞ்ச நேரத்துல கோல் முன்னாடி வியேரி வானத்துக்கு அடிச்சார். டோட்டிக்கு ரெண்டாவது மஞ்சள் அட்டை, பத்துப் பேர். தொம்மாசி கோல் போட்டா ஆஃப்சைடாம். மொரேனோங்கிற அந்த ஈக்வடார் நடுவர் பேரை இத்தாலியில இன்னிக்கும் யாரும் மறக்கல. இவ்வளவு பேர் கைவிட்ட ஆட்டத்துல பழி மட்டும் மால்தீனிக்கா?

மத்ரித்மாறன்:
பனுச்சி, வியேரி, டோட்டி, தொம்மாசி, நடுவர். மொத்த ஊரையும் இழுத்துட்டீங்க. ஆன் பக்கத்துல நின்னது மட்டும் இன்னும் மால்தீனிதான்.

நேப்பிள்ஸ்நேசன்:
இத்தாலி டிஃபெண்டர்னு பேச்சு வந்துட்டு கன்னவாரோ பேரு தடை வாங்கினதுக்கு மட்டும் வருது, சந்தோஷம். 2006ல கேப்டனா உலகக்கோப்பையைத் தூக்கினது யாரு? ஏழு ஆட்டத்துல இத்தாலி வாங்கினது ரெண்டே கோல். ஒண்ணு சக்கார்தோ சேம்சைடு, இன்னொண்ணு ஜிதான் பெனால்டி. எதிரணி ஆள் ஓடி வந்து அடிச்சது ஒண்ணுகூட இல்ல. அந்த வருஷம் சிறந்த வீரருக்கான பலோன் தோர் விருது. மால்தீனியோட 126ஐத் தாண்டி 136 ஆட்டம். அவர் உயரம் என்ன தெரியுமா, 1.76 மீட்டர். தேஜோன்ல அவர் இருந்திருந்தா ஆன் தலைக்குப் பந்தே போயிருக்காது.

மூணாம்நம்பர்:
இருந்திருந்தா, இருந்திருந்தா. மெக்சிகோ ஆட்டத்துல மஞ்சள் வாங்காம இருந்திருந்தா இருந்திருப்பார்.

நேப்பிள்ஸ்நேசன்:
போன வருஷம் சீரி ஆ திரியிலயும் இதே மாதிரிதான் என் வாயை அடைச்சீங்க. நேப்பிள்ஸ் பேரைக் கேட்டாலே மிலான்காரங்களுக்கு ஒரு இளக்காரம். மறந்துட்டேன்னு நினைக்காதீங்க.

மத்ரித்மாறன்:
உங்க வீட்டுச் சண்டையை அப்புறம் வெச்சுக்கங்க. ராமோஸ்: 2008 யூரோ, 2010 உலகக்கோப்பை, 2012 யூரோ. ஸ்பெயினுக்கு 180 ஆட்டம். ரியல் மத்ரித் கிளப்புக்கு 101 கோல். டிஃபெண்டர், 101 கோல்! 2014 ஐரோப்பிய கோப்பை இறுதியில, லிஸ்பன்ல, 93வது நிமிஷத்துல மோட்ரிச் கார்னருக்கு எகிறி அடிச்சார் பாருங்க, அதுக்குப் பேருதான் குதிக்கிறது.

மூணாம்நம்பர்:
வந்தீங்களா வழிக்கு. தம்பி, 2010ல ராமோஸ் நடுவுல ஆடவே இல்ல, வலது ஓரத்துல ரைட் பேக். நடுவுல புயோல், பிக்கே. அரையிறுதியில ஜெர்மனியைத் தலையால அடிச்சுச் சாய்ச்சது புயோல். இறுதி ஆட்டத்துல, 77வது நிமிஷம், கார்னர், ராமோஸ் பக்கத்துல ஒரு ஆள் இல்ல, தலையால மேல அடிச்சார். இனியெஸ்டா காப்பாத்தலைன்னா அந்தத் தலையடியைப் பத்தித்தான் இன்னிக்குத் திரி ஓடும். 2014 உலகக்கோப்பையில, சால்வடார்ல, நெதர்லாந்து ராபென் பின்னாடி ஓடின ஓட்டம் ஞாபகம் இருக்கா? 5-1. நடப்பு சாம்பியன், ரெண்டே ஆட்டத்துல வெளியே.

மத்ரித்மாறன்:
முதல்ல தம்பின்னு கூப்பிடுறதை நிறுத்துங்க. உங்க வயசும் எனக்குத் தெரியாது, என் வயசும் உங்களுக்குத் தெரியாது. ரெண்டாவது, ராபென்கிட்ட தோத்த ஆட்டத்துக்கு முன்னாடியே மூணு கோப்பை வீட்டுக்கு வந்துடுச்சு. மால்தீனிக்கு வீட்டுல என்ன இருக்கு? வெள்ளி மெடல் ரெண்டு, வெண்கலம் ஒண்ணு.

லெஃப்ட்பேக்_லதா:
மெடலை எண்ணுறவங்க 1994ஐப் பார்க்கவே மாட்டாங்க. மே மாசம் ஏதென்ஸ்ல பார்சிலோனாவோட மிலானுக்கு ஐரோப்பிய கோப்பை இறுதி. நடுவுல நிக்கிற பரேசிக்கும் கொஸ்தகுர்தாவுக்கும் தடை. இடது ஓரத்துல ஆடுற லெஃப்ட் பேக் மால்தீனியை நடுவுக்கு இழுத்து பிலிப்போ கல்லியோட நிறுத்தினார் கோச் கபெல்லோ. எதிர்ல ரொமாரியோ, ஸ்தோய்ச்கோவ். முடிவு 4-0. ரெண்டு மாசத்துல பசதேனாவுல உலகக்கோப்பை இறுதி, பிரேசிலுக்காக மறுபடி ரொமாரியோ, 120 நிமிஷம், ஒரு கோல் இல்ல. பெனால்டியில போச்சு. டிஃபெண்டரோட வேலை கோல் விடாம இருக்கிறது. அந்த வேலையில அன்னிக்கு என்ன குறை?

மூணாம்நம்பர்:
அப்படிச் சொல்லுங்க லதா. இன்னொண்ணையும் சேர்த்துக்கங்க. 2000 யூரோ அரையிறுதி, ஆம்ஸ்டர்டாம். 34வது நிமிஷத்துல ஸம்ப்ரோத்தா வெளியே. பத்துப் பேரை வெச்சு, சொந்த மண்ணுல ஆடுற நெதர்லாந்தை 120 நிமிஷம் வரைக்கும் கோல் போட விடல. அந்த அணிக்குக் கேப்டன் யாரு?

மத்ரித்மாறன்:
அதே ஆட்டத்துல பெனால்டி ஷூட்டவுட்ல நெதர்லாந்து கோல்கீப்பர் வான் டெர் சார் கையில அடிச்ச கேப்டன் யாரு? அதையும் சொல்லுங்க. ராமோஸ் 2012 ஏப்ரல்ல பயர்ன் மியூனிக்குக்கு எதிரா பெனால்டியை மேல அடிச்சார். ஊரே சிரிச்சுது. ரெண்டே மாசத்துல போர்ச்சுகலுக்கு எதிரா பெனால்டியை பனென்கா, அதாவது மெதுவா நடுவுல தூக்கி அடிச்சார். கேப்டன்னா அந்த நெஞ்சுரம் வேணும்.

மூணாம்நம்பர்:
நெஞ்சுரமா? ரியல்ல 26 சிவப்பு அட்டை வாங்கினது நெஞ்சுரமா? 2018ல கீவ்ல, ஐரோப்பிய கோப்பை இறுதியில, லிவர்பூல் சாலா தோளை இழுத்துட்டு விழுந்தாரே, அதுவும் நெஞ்சுரம்தானா?

மத்ரித்மாறன்:
ஸ்பெயினுக்கு 180 ஆட்டத்துல சிவப்பு அட்டை எத்தனை? பூஜ்யம். அதைச் சொல்ல மாட்டீங்க. சாலா விஷயத்தை இந்தத் தளத்துல எத்தனை தடவை பேசியாச்சு. அதுல நீங்க என்னைத் திட்டின பதிவு இன்னும் அப்படியே இருக்கு, நீக்கவும் இல்ல.

கோல்போஸ்ட்குமார்:
லெஃப்ட் பேக்கையும் நடுவுல நிக்கிற சென்டர் பேக்கையும் ஒரே தராசுல வெச்சுப் பேசுறோம், கேட்டா யாரும் பதில் சொல்றதில்ல.

மூணாம்நம்பர்:
குமார், மால்தீனி ரெண்டு இடத்துலயும் உலகத்துல முதல் வரிசை. தராசு வேண்டாம். மாறன், நீக்கவும் மாட்டேன். 2003ல ஓல்ட் டிராஃபோர்டுல மால்தீனி கேப்டனா ஐரோப்பிய கோப்பையைத் தூக்கினார். 1963ல அவங்க அப்பா செசாரே, அதே மிலானுக்குக் கேப்டனா வெம்ப்ளியில தூக்கின கோப்பை. 2005 இஸ்தான்புல்ல, லிவர்பூலோட இறுதியில, முதல் நிமிஷத்துலயே கோல் போட்டார், 36 வயசுல. அவருக்கப்புறம் மூணாம் நம்பர் சட்டையை மிலான் யாருக்கும் கொடுக்கல.

மத்ரித்மாறன்:
இஸ்தான்புல்ல 3-0 முன்னால இருந்து ஆறு நிமிஷத்துல மூணு கோல் வாங்கின தடுப்புக்குக் கேப்டன் யாருன்னு நான் கேக்கவே இல்ல, நீங்களா எடுத்துக் கொடுத்தீங்க.

நேப்பிள்ஸ்நேசன்:
அப்பா பேச்சு வந்ததால கேக்குறேன். 1998 உலகக்கோப்பையில இத்தாலிக்குக் கோச் யாரு, கேப்டன் யாரு?

மூணாம்நம்பர்:
இதுக்குத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தீங்களா? செசாரே கோச்சா வந்தது 1996 கடைசியில. மகன் இத்தாலிக்கு ஆட ஆரம்பிச்சது 1988ல. அப்பா வர்றதுக்கு முன்னாடியே கேப்டன் பட்டை கையில வந்தாச்சு. 1994ல பலோன் தோர் ஓட்டுல மூணாவது இடம், அதுவும் அப்பா போட்ட ஓட்டா? தேதியைப் பார்த்துட்டு வந்து பேசுங்க.

நேப்பிள்ஸ்நேசன்:
மூணாவது இடம். கன்னவாரோ முதல் இடம்.

மத்ரித்மாறன்:
தேதி எல்லாம் சரியாச் சொல்றீங்க. 2002 ஜூன் 18ன்னு ஒரு தேதி இருக்கு, அதையும் சொல்லுங்க.

மூணாம்நம்பர்:
குதிச்சார்யா! இன்னும் எத்தனை தடவை சொல்லணும்?