இந்திரஜித் குப்தா மக்களவைக்கு 10 முறை தேர்வானாரா, 11 முறையா?

கேள்வி:
மறைந்த இந்தியக் கம்யூனிஸ்ட் தலைவர் இந்திரஜித் குப்தா 11 முறை மக்களவை உறுப்பினராக இருந்தார் என்று எல்லா இடங்களிலும் எழுதுகிறார்கள். 1962 முதல் 1999 வரை நடந்த பொதுத்தேர்தல்களும் 11தான். ஆனால் 1977-இல் அவர் தோற்றார் என்றும் அதே கட்டுரைகள் சொல்வதால், என் கணக்கில் 10 வெற்றிகளே வருகின்றன. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
ஐயா, உங்கள் கணக்கில் விடுபட்டிருப்பது 1960-ஆம் ஆண்டு இடைத்தேர்தல். இரண்டாவது மக்களவையின் காலத்தில் கல்கத்தா தென்மேற்குத் தொகுதியில் நடந்த அந்த இடைத்தேர்தலில் வென்றுதான் அவர் முதன்முதலாக அவைக்குள் வந்தார். 1962-இல் அதே தொகுதியிலும், 1967, 1971 தேர்தல்களில் அலிப்பூரிலும், 1980, 1984-இல் பசீர்ஹாட்டிலும், 1989 முதல் 1999 வரை ஐந்து முறை மேதினிப்பூரிலும் வென்றார். ஆக மொத்தம் 11 என்பது சரியே. 2001 பிப்ரவரியில் இறக்கும்போதும் அவர் உறுப்பினராகவே இருந்தார்.

இதைத் தொடர் வெற்றி என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. தொடர்ச்சியாக வென்றவர் என்றால் லட்சத்தீவின் பி. எம். சயீத்தைத்தான் சொல்ல வேண்டும்; 1967 முதல் 10 முறை இடைவெளியின்றி வென்ற அவர், 2004-இல் 71 வாக்குகளில் தோற்றார்.

பதில் 2:
எண்ணிக்கையைவிட 1977-இன் தோல்வியே அவருடைய அரசியலைப் புரிந்துகொள்ள உதவும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நெருக்கடி நிலையை ஆதரித்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி அத்தேர்தலில் நாடு முழுவதும் 7 இடங்களே பெற்றது. அவை கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்தவை. வங்காளத்தில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சணல் ஆலைத் தொழிலாளர்களிடையே பல ஆண்டுகள் சங்கப்பணி செய்த குப்தாவைக்கூடக் கட்சியின் அந்த நிலைப்பாடு வீழ்த்தியது. 1978 பட்டிண்டா மாநாட்டில் கட்சி தன் தவற்றை ஏற்று, மார்க்சிஸ்ட் கட்சியோடு நெருங்கிய பிறகுதான் அவர் 1980-இல் பசீர்ஹாட் வழியாகத் திரும்பினார். இந்திரா காந்தி கொல்லப்பட்டதையொட்டி எழுந்த அனுதாப அலையில், 1984-இல் யாதவ்பூரில் மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் சோம்நாத் சட்டர்ஜியே தோற்றபோதும் குப்தா பசீர்ஹாட்டைத் தக்கவைத்துக்கொண்டது அவருடைய வெற்றிகளுள் மிகக் கடினமானது என்பேன்.

பதில் 3:
முந்தைய பதில்கள் தேர்தல்களோடு நின்றுவிட்டன. 1996-இல் முரசொலி மாறனும் ப. சிதம்பரமும் இடம்பெற்ற ஐக்கிய முன்னணி அமைச்சரவையில் குப்தா உள்துறை அமைச்சரானார். அவரும் சதுரானன் மிஸ்ராவும்தான் மத்திய அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் கம்யூனிஸ்ட்டுகள். 1948-இல் வங்காளத்தில் தடைசெய்யப்பட்டிருந்த கட்சியின் தலைவர், நாட்டின் காவல் நிர்வாகத்துக்குப் பொறுப்பேற்றது சாதாரணச் செய்தியன்று. ஆனால் அந்தக் காலத்தில் குறையும் உண்டு: 1997 அக்டோபரில் உத்தரப்பிரதேசத்தில் கல்யாண் சிங் அரசை நீக்கிக் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவர அமைச்சரவை செய்த பரிந்துரையை அன்றைய குடியரசுத் தலைவர் கே. ஆர். நாராயணன் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். மாநில அரசை நீக்க வழிசெய்யும் அரசியலமைப்பின் 356-ஆவது பிரிவைத் தவறாகப் பயன்படுத்துவதை எதிர்த்துவந்த கட்சிகள் அமைத்த அரசு அப்படிப் பரிந்துரைத்திருக்கவே கூடாது.

அவருடைய பெயரை இன்றும் நிலைநிறுத்துவது, தேர்தல் செலவை அரசே ஏற்பது குறித்து ஆராய 1998-இல் அவர் தலைமையில் அமைக்கப்பட்ட குழு. மன்மோகன் சிங்கும் சோம்நாத் சட்டர்ஜியும் அதில் இருந்தனர். வேட்பாளர்களுக்குப் பணமாகத் தராமல், எரிபொருள், காகிதம், ஒலிபெருக்கி, வாக்காளர் பட்டியல் நகல் முதலியவற்றைப் பொருளாகத் தரலாம் என்றும், அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு மட்டுமே தரலாம் என்றும் அக்குழு பரிந்துரைத்தது. சுயேச்சைகளை விலக்கியது எனக்கு உடன்பாடில்லை. என்றாலும் பணம் வேண்டாம், பொருளாகத் தருக என்ற யோசனை, பலமுறை களம் கண்ட ஒருவரின் அனுபவத்திலிருந்து வந்தது. அந்த அறிக்கை இன்னும் நடைமுறைக்கு வராததுதான் என் வருத்தம்.